ஊசி எடுத்த இடம் எது? பயாப்சிக்குப் பின் உடலுக்குள் வைக்கப்படும் அடையாளங்கள்

[திரையில்: மேமோகிராம் படம். சிறு வெண்புள்ளிக் கூட்டம் ஒன்றைச் சுற்றி வட்டம்.]

மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் படத்தில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கால்சியத் துகள்களின் கூட்டம் ஒன்று தெரிகிறது. கையால் தொட்டால் எதுவும் தட்டுப்படாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். அது புற்றுநோயின் தொடக்கமா, தீங்கற்ற மாற்றமா என்பதை அறிய, உறிஞ்சு விசையோடு இயங்கும் பயாப்சி ஊசியைச் செலுத்தி அங்கிருந்து திசுத் துண்டுகளை எடுக்கிறார்கள். ஊசி தன் வேலையைச் சற்று அதிகமாகவே செய்துவிடுகிறது: துகள்கள் அனைத்தும் திசுவோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகின்றன. சில நாட்கள் கழித்து வரும் அறிக்கை, அது புற்றுநோய்தான் என்கிறது. துகள்கள் போய்விட்டன என்பதால் நோயும் போய்விட்டது என்று கொள்ள முடியாது. அதைச் சுற்றியுள்ள திசுவை அகற்றியாக வேண்டும். ஆனால் படத்தில் இருந்த ஒரே தடயம் ஆய்வகக் குப்பிக்குள் இருக்கிறது. அறுவைசிகிச்சை நிபுணர் மார்பகத்தில் எந்த இடத்தை வெட்டுவார்?

இத்தகைய ஊசிகள் 1990களின் நடுப்பகுதியில் புழக்கத்துக்கு வந்தபோதுதான் இந்தச் சிக்கல் பெரிதாயிற்று. அதற்கு முந்தைய ஊசிகள் பெரும்பாலும் ஒரு பகுதியை மட்டும் எடுத்து மீதியை அங்கேயே விட்டுவைத்தன. புதியவை சிறிய மாற்றங்களை முழுவதுமாக எடுத்துவிடக்கூடியவை என்பதால், அதே ஊசியின் குழல் வழியாக ஓர் உலோகக் கிளிப்பை உள்ளே விட்டுவரும் முறை உருவானது. அந்தக் கிளிப் சரியான இடத்தில் அமைகிறதா, மாதங்கள் கடந்தும் அங்கேயே இருக்கிறதா என்பதை ஆராய்ந்த தொடக்க ஆய்வுகளில் ஒன்றை அமெரிக்க மருத்துவர் ஃப்ரெட் பர்பாங்க் 1997இல் வெளியிட்டார். இன்று மார்பக பயாப்சி முடிந்ததும் கிளிப் வைப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது.

[திரையில்: விரல் நுனியில் ஒரு கிளிப். அருகே மில்லிமீட்டர் அளவுகோல்.]

கிளிப் என்று சொல்லும்போது, காகிதத்தில் செருகும் கிளிப்பின் அளவை மனதில் கொள்ள வேண்டாம். இவற்றின் நீளம் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். டைட்டானியம், காந்தம் ஈர்க்காத வகை எஃகு, நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் ஆகியவற்றில் இவை செய்யப்படுகின்றன. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் இந்த உலோகத் துணுக்கு அல்ட்ராசவுண்டில் எளிதில் கண்ணில் படுவதில்லை. அதற்காகவே சில வகைகளைக் கொலாஜன், ஹைட்ரோஜெல் போன்ற பொருள்களில் பொதிந்து வைக்கிறார்கள்.

வடிவங்களும் பலவகைப்படும்: நாடா, சுருள், சிறகு, இதயம் எனப் பல உண்டு. இதை அலங்காரம் என்று நினைத்துவிடக்கூடாது. ஒரே மார்பகத்தில் இரண்டு இடங்களில் பயாப்சி எடுக்கப்பட்டு, ஒன்று தீங்கற்ற நார்க்கட்டி என்றும் மற்றொன்று புற்றுநோய் என்றும் முடிவு வந்தால், எந்த முடிவு எந்த இடத்துக்கு உரியது என்பதைப் பிரித்தறிய உதவுவது வடிவ வேறுபாடுதான். இரண்டு இடங்களிலும் ஒரே வடிவத்தை வைத்துவிட்டால், அடையாளம் வைத்ததன் பயனில் பாதி போய்விடும்.

அறுவைசிகிச்சைக்கு முன்பே கீமோதெரபி கொடுக்கப்படும் நோயாளிகளுக்கு இந்தத் துணுக்கின் தேவை இன்னும் கூடுதல். எச்.இ.ஆர். 2 வகை, ட்ரிபிள் நெகட்டிவ் வகை ஆகிய மார்பகப் புற்றுநோய்களில், நான்கைந்து மாத மருந்துக்குப் பிறகு கட்டி ஸ்கேனில் தெரியாத அளவுக்குக் கரைந்துவிடுவது அரிதன்று. நோயாளிக்கு இது நல்ல செய்தி. என்றாலும், கட்டி இருந்த படுகையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் புற்றணுக்கள் முழுவதும் அழிந்தனவா, சிறிதளவு எஞ்சியுள்ளனவா என்பது தெரியும். அதற்குப் பின் எந்த மருந்தைத் தொடர்வது என்பதும் அந்த முடிவைப் பொறுத்தது. ஆகவே கீமோதெரபி தொடங்குவதற்கு முன்போ, கட்டி இன்னும் கண்ணுக்குத் தெரியும் தொடக்கச் சுற்றுகளுக்குள்ளோ கிளிப்பை வைத்துவிட வேண்டும். தயாரிப்பு நிறுவனங்களின் கிளிப்புகள் விலை கூடியவையாக இருக்கும் இடங்களில், இரத்தக்குழாயை அடைக்கப் பயன்படும் சாதாரண டைட்டானியம் அறுவைசிகிச்சைக் கிளிப்பையே ஊசி வழியாக வைக்கும் மருத்துவர்கள் உண்டு. கட்டியின் எல்லையை மேல்தோலில் பச்சை குத்தி வைப்பதும் உண்டு. இரண்டாவது முறை மலிவானது, ஆனால் தோலுக்கும் ஆழத்தில் உள்ள திசுவுக்கும் இடையிலான உறவு, நோயாளி படுக்கும் விதத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்புவது போதாது என்றே நான் கருதுகிறேன்.

[திரையில்: அழுத்தப்பட்ட மார்பகத்தின் வரைபடம். அழுத்தம் நீங்கும்போது கிளிப் நகர்வதைக் காட்டும் அம்புக்குறி.]

கிளிப் கட்டி இருந்த இடத்தைக் காட்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். கறாராகச் சொன்னால், கிளிப் காட்டுவது கிளிப் இருக்கும் இடத்தை மட்டுமே. அந்த இடமும் கட்டி இருந்த இடமும் ஒன்றுதானா என்பதைத் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும்.

மேமோகிராம் வழிகாட்டுதலில் பயாப்சி எடுக்கும்போது மார்பகம் இரண்டு தகடுகளுக்கு இடையே அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஊசி பெரும்பாலும் அழுத்தத்தின் திசையிலேயே உள்ளே செல்கிறது. கிளிப்பை வைத்துவிட்டுத் தகடுகளைத் தளர்த்தியதும், மூடியிருந்த ஆர்மோனியத் துருத்தி விரிவதுபோல் திசு விரிகிறது; அப்போது ஊசி சென்ற பாதையிலேயே கிளிப் முன்னோ பின்னோ வழுக்கிவிடக்கூடும். அழுத்திய நிலையில் சில மில்லிமீட்டராக இருந்த விலகல், விரிந்த நிலையில் சென்டிமீட்டர் கணக்கில் ஆகிவிடலாம். பயாப்சி எடுத்த குழியில் இரத்தம் கட்டினால் அதுவும் கிளிப்பைத் தள்ளும். இரத்தக்கட்டு வற்றும்போது மறுபடி இடம் மாறலாம். கொழுப்புத் திசு மிகுந்த மார்பகத்தில் கிளிப்பைப் பிடித்துக்கொள்ள உறுதியான திசு குறைவு.

இதனால்தான் கிளிப் வைத்த உடனேயே மீண்டும் மேமோகிராம் எடுக்கப்படுகிறது. மேலிருந்து கீழாக ஒரு படம், பக்கவாட்டில் நேர் 90 பாகையில் ஒரு படம் என இரண்டு கோணங்கள் தேவை, ஏனெனில் ஒரு கோணத்தில் சரியான இடத்தில் இருப்பதாகத் தோன்றும் கிளிப், மற்றொரு கோணத்தில் வெகுதூரம் தள்ளி இருக்கக்கூடும். விலகல் 1 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதைக் குறிப்பிடத்தக்கதாகப் பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். விலகியிருப்பது தனக்குத் தானே பெரிய கேடு இல்லை: எந்தத் திசையில் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அறிக்கையில் எழுதப்பட்டிருந்தால், அறுவைசிகிச்சைக்கு முன் அந்தத் தூரத்தைக் கழித்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். "கிளிப் வைக்கப்பட்டது" என்ற இரண்டு சொற்களோடு முடியும் அறிக்கைதான் ஆபத்தானது. அதைப் படிக்கும் அறுவைசிகிச்சை நிபுணர், நல்ல திசுவை அகற்றிவிட்டு நோயுள்ள திசுவை விட்டுவைக்கும் வாய்ப்பு உண்டு.

அறுவைசிகிச்சை மேசையில் கிளிப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. கையாலும் உணர முடியாது. எனவே அதை நோக்கி வழிகாட்ட இன்னொன்று வேண்டியிருக்கிறது. 1970களில் இருந்து பயன்படும் முறை, முனையில் கொக்கி உள்ள மெல்லிய கம்பியை எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் உதவியோடு கிளிப் வரை செலுத்துவது. கம்பியின் மறுமுனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் பெரும்பாலும் அறுவைசிகிச்சை நாளன்றே இதைச் செய்கிறார்கள். இப்போது கம்பிக்குப் பதிலாக அயோடின் 125 கதிரியக்க விதை, காந்த விதை, ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் துணுக்கு ஆகியவை வந்துள்ளன. சில நாட்களுக்கு முன்பே வைத்துவிட்டு, அறுவைசிகிச்சையின்போது கையடக்கக் கருவியால் தேடிக் கண்டுபிடிக்கலாம். இவற்றுள் காந்த விதைக்கு ஒரு குறை உண்டு: எம்.ஆர்.ஐ. படத்தில் தன்னைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் அளவுக்குக் கறுத்த வெற்றிடத்தை அது உண்டாக்கிவிடும். கீமோதெரபியின் பலனை எம்.ஆர்.ஐ. மூலம் கண்காணிக்க வேண்டியவருக்கு அதைத் தொடக்கத்திலேயே வைப்பது பொருந்தாது.

வெட்டி எடுத்த திசுவை, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். கிளிப் அதற்குள் இருந்தால் காயத்தை மூடலாம். இல்லையென்றால் இன்னும் தேட வேண்டும். சில வேளைகளில் அது இரத்தத்தை உறிஞ்சும் குழாய்க்குள் போயிருக்கும். அதன்பின் அந்தத் திசு நோயியல் ஆய்வகத்துக்குச் செல்கிறது. கீமோதெரபியில் கட்டி முழுவதும் கரைந்துவிட்டால், அங்கே இருப்பவருக்குக் கண்ணில் படுவது வெறும் கொழுப்பும் தழும்பும்தான். எந்தத் துண்டை நுண்ணோக்கியில் வைப்பது என்று அவர் முடிவு செய்வதற்கும் அதே கிளிப்தான் உதவுகிறது.

[திரையில்: அக்குள் நிணநீர் முடிச்சுகளின் வரைபடம். ஒன்றில் மட்டும் கிளிப்.]

அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சில் புற்றுநோய் பரவியிருப்பது பயாப்சியில் உறுதியானால், அந்த முடிச்சிலும் கிளிப் வைக்கலாம். முன்பெல்லாம் கீமோதெரபிக்குப் பின், மார்பகத்தில் செலுத்திய சாயம் முதலில் சென்றடையும் சென்டினல் முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்த்து அக்குளின் நிலையை மதிப்பிட முயன்றார்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு செய்தபோது எஞ்சியிருந்த நோயைத் தவறவிடும் விகிதம் 10.1 சதவீதமாக இருந்தது; கிளிப் வைத்த முடிச்சையும் தேடி எடுத்துச் சோதித்தபோது அது 2 சதவீதமாகக் குறைந்தது. நோயுள்ளது என்று முன்பே அறிந்த முடிச்சு, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சென்டினல் முடிச்சுகளுள் ஒன்றாக இருக்கவில்லை என்பதே இதற்குக் காரணம். உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் மையைச் செலுத்தி முடிச்சைக் கறுப்பாக்கும் முறையும் உண்டு. தோளிலோ மார்பிலோ பெரிய அளவில் பச்சை குத்தியிருப்பவர்களின் அக்குள் முடிச்சுகள், அந்த மை நிணநீரோடு வந்து சேர்ந்து, ஏற்கெனவே கறுத்திருக்கக்கூடும் என்பதை அங்கே மறக்கக்கூடாது.

பெருங்குடலில் கார்பன் மைக்குத்தான் முதலிடம். குடலுக்குள் குழாய்க் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் காணும் சிறிய கட்டியையோ, பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி அகற்றப்பட்ட இடத்தையோ, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் குடலின் வெளிப்புறத்தை மட்டும் பார்க்கும் அறுவைசிகிச்சை நிபுணரால் அறிய இயலாது. "ஆசனவாயிலிருந்து 60 சென்டிமீட்டர்" என்ற குறிப்பும் பயன்படாது. கொலோனோஸ்கோபிக் குழாயின் மேல் குடல் சுருங்கியும் வளைந்தும் கிடப்பதால் அந்த அளவு குடலின் உண்மையான நீளத்தைச் சொல்வதில்லை. எனவே குடற்சுவரின் உட்சவ்வுக்கு அடியில் முதலில் உப்புநீரைச் செலுத்தி ஒரு சிறு மேட்டை எழுப்பி, மை சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் சிந்தாதபடி அந்த மேட்டுக்குள் அதைச் செலுத்துகிறார்கள். குடலின் எந்தப் பக்கம் மேலே திரும்பியிருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால், சுற்றளவில் இரண்டு மூன்று இடங்களில் இடுவது வழக்கம். கட்டிக்கு நேர் அடியில் மை செலுத்தக்கூடாது. அங்கே உண்டாகும் தழும்பு, பின்னர் கட்டியை எண்டோஸ்கோப் வழியாகவே அகற்றும் வாய்ப்பைக் கெடுத்துவிடும். ஆசனவாய்ப் பக்கமாகச் சில சென்டிமீட்டர் தள்ளி இட்டு, அந்தப் பக்கத்தையும் தூரத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும். பக்கம் எழுதப்படாத கறுப்புப் புள்ளி, குடலின் தவறான பகுதியை வெட்ட வழிவகுக்கும்.

தோலில் எடுக்கும் பயாப்சிக்குக் கிளிப்பும் வேண்டாம், மையும் வேண்டாம். புகைப்படமே போதும். சிறிய காயம் சில வாரங்களில் ஆறி மறைந்துவிடும் என்பதால், காது, மூக்கு, கண் முனை போன்ற மாறாத இடங்கள் தெரியும்படி தள்ளி நின்று ஒரு படமும், அருகில் ஒரு படமும் எடுக்க வேண்டும். கைபேசியின் முன்பக்கக் கேமரா சில வேளைகளில் இடவலம் மாற்றிப் பதிவதால், வேறு ஒருவரைக் கொண்டு பின்பக்கக் கேமராவில் எடுப்பது நல்லது.

மார்பகக் கிளிப் உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சாதாரணக் கிளிப்புடன் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், விமான நிலையச் சோதனையில் அது ஒலி எழுப்பாது, நிக்கல் ஒவ்வாமை இருந்தால் மட்டும் பயாப்சிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பயாப்சி முடிவு தீங்கற்றது என்று வந்தால் கிளிப்பை அகற்றத் தேவையில்லை, அது வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கலாம். பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் மேமோகிராம் எடுக்கும்போது, அந்த இடம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டது என்பதை அங்குள்ள மருத்துவர் கிளிப்பைப் பார்த்து அறிந்துகொள்வார். ஆனால் என்ன முடிவு வந்தது என்பதைக் கிளிப் சொல்லாது என்பதால், பயாப்சி அறிக்கையையும், கிளிப் வைத்தபின் எடுத்த இரண்டு கோணப் படங்களையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.