மூடியைத் திரும்பப் போடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவக் கழிவைப் பிரித்துப் போட மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று இருக்கிற நான்கு நிறத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் நைட் டூட்டியில், வார்டு நிறைய நோயாளிகள் இருக்க, மூன்று மணிக்கு ஊசி போட்டு முடித்த கைக்கு அது நினைவிருக்கிறதா? அந்தக் கை என்ன செய்கிறது தெரியுமா, மூடியைத் தேடி எடுத்து ஊசியில் மாட்டுகிறது. மாட்டும்போதுதான் குத்துகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆயாம்மா மஞ்சள் பையை முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். பை தொடையில் உரசிய இடத்தில், சேலையில் பொட்டளவு ரத்தம். உள்ளே பஞ்சோடு பஞ்சாக ஒரு ஊசி கிடந்தது. யாருக்குப் போட்ட ஊசி? வார்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "பரவாயில்லை சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பையை எடுக்கப் போய்விட்டார். அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி போட்டிருக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நமக்கெல்லாம் எச்ஐவி என்றால் பயம். தொற்று உள்ளவரின் ஊசி குத்தினால் அது பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 30 சதவீதம் வரை! அதனால்தான் 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அந்தத் தடுப்பூசி போடச் சொல்கின்றன. எல்லோருக்கும் என்றால் துப்புரவுப் பணியாளருக்கும்தான், கான்ட்ராக்டில் வந்தவர் என்று தட்டிக்கழிக்க முடியாது.

இன்னொன்று, டிரிப் செட்டை மஞ்சள் பையில் போடுவது. மஞ்சள் பை எரிக்கப் போகிறது, பிவிசி பிளாஸ்டிக் குழாய் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். சிவப்புப் பையில் போட்டிருந்தால் நீராவியில் கிருமி நீக்கி, அரைத்து, மறுசுழற்சிக்குப் போயிருக்கும். டீ கப்பையும் அதே மஞ்சள் பையில் போடுகிற புண்ணியவான்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டு விழும் என்று மறைக்காதீர்கள்.

சரி, இப்போது ஊசியை வெட்டும் நீடில் கட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று செய்து காட்டப் போகிறோம். பின்னால் சுவரோரம் நிற்கிற அக்காமார் எல்லாம் முன்வரிசைக்கு வாங்க. டாக்டர்கள் கொஞ்சம் எழுந்து இடம் கொடுங்கள்.