பின்புறம் நிமிர்ந்தது, எடைச் சீட்டு அசையவில்லை

வணக்கம். கேமராவுக்கு அருகில் பிடிக்கிறேன், இந்த இரண்டு எடைச் சீட்டுகளையும் பாருங்கள். முதல் சீட்டில், டிரெய்லரை மாட்டிய டிரக்கின் முன் அச்சு 2,980 பவுண்டு, பின் அச்சு 3,980 பவுண்டு. இரண்டாவது சீட்டிலும் அதே 2,980, அதே 3,980. இந்த இரண்டுக்கும் நடுவே நான் செய்த ஒரே காரியம், பின்புற ஸ்பிரிங்குக்கு உதவியாகப் புதிதாகப் பொருத்திய ஏர் பேக்குகளில், அதாவது ரப்பர் காற்றுப் பைகளில், 35 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றியதுதான். டிரக் இரண்டரை அங்குலம் எழும்பிக் கம்பீரமாக நின்றது. எடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஹூஸ்டனிலிருந்து கார்னர் ஸ்டேட் பார்க்குக்குப் போன வீடியோவைப் பார்த்தவர்களுக்கு, யுவால்டியைத் தாண்டி இருட்டிய பிறகு எதிரே வந்த ஒவ்வொருவரும் நமக்கு ஹெட்லைட் அடித்துத் திட்டியது நினைவிருக்கும். டிரெய்லரின் பாரத்தில் நம் ஃபோர்டு எஃப்-150 டிரக்கின் பின்புறம் அமுங்கி, முன்புறம் தூக்கிக்கொண்டு, நம் விளக்கு மரக்கிளைகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியதும் ஒரு கடையில் விசாரித்தேன். பொருத்துவதற்கு மட்டும் 350 டாலர் கூலி கேட்ட அந்த மனிதர், "ஏர் பேக் போட்டுவிட்டால் இன்னும் ஆயிரம் பவுண்டு தாராளமாக ஏற்றலாம்" என்றும் சொன்னார். கூலியைக்கூட மன்னித்துவிடுவேன், இந்தப் பேச்சை மன்னிக்க முடியவில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் சொல்லும். என் டிரக்கில் அது 1,640 பவுண்டு. நாங்கள் நால்வரும் 565, பின் தொட்டியில் இருக்கும் ஜெனரேட்டர், விறகு வகையறா 195, டிரெய்லர் கொக்கியின் மேல் அழுத்தும் எடை 760, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 80 என்று கூட்டினால் 1,600 ஆகிவிடுகிறது. மிச்சம் 40 பவுண்டு. அச்சு, பிரேக், டயர், சட்டகம் எல்லாம் பழையபடியே இருக்கும்போது, ரப்பர் பையில் காற்றடைத்து அந்த எண்ணை எப்படி உயர்த்த முடியும்? அமுங்கலைச் சரிசெய்வதுதான் இந்த உதவிச் சாதனங்களின் வேலை.

எதை வாங்குவது என்று மூன்று வாரம் மண்டையைக் குடைந்தேன். கூடுதல் லீஃப் ஸ்பிரிங் எனக்கு அறவே பிடிக்கவில்லை, ஏனென்றால் வாரத்தில் ஐந்து நாள் காலியாக அலுவலகம் போகும் டிரக்கை அது மாட்டுவண்டியாக்கிவிடும். டிம்ப்ரன் போன்ற ரப்பர் வகை, அச்சு சட்டகத்தில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்வது. காற்றும் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம், எப்போதும் ஒரே பாரத்தை இழுப்பவருக்கு அதையே சொல்வேன். நமக்கோ ஒரு வாரம் டிரெய்லர், மறுவாரம் வெறும் தொட்டி என்பதால், தேவைக்கேற்ப ஏற்றி இறக்கக்கூடிய ஏர் லிஃப்டின் லோட்லிஃப்டர் 5000ஐ வாங்கினேன். பெயரில் உள்ள 5000ஐப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம், அது அந்தப் பைகள் தாங்கும் அளவு, உங்கள் டிரக் தாங்கும் அளவு அல்ல.

பொருத்துவதற்கு ஒரு சனி, ஞாயிறு போயிற்று, அதில் பாதி நேரம் ஒரு குழாய் முனைக்கே போயிற்று. சமையலறைக் கத்தரியால் காற்றுக் குழாயை வெட்டியிருந்தேன். இரவு 30 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் 11. சோப்புத் தண்ணீரைத் தெளித்தபோது, இடப்பக்க இணைப்பில் குண்டூசித் தலை அளவில் ஒரு குமிழி கிளம்பி, மெல்லப் பெருத்து, உடைந்து, மறுபடியும் கிளம்பியது. முனை சற்றே சாய்வாக வெட்டுப்பட்டு, கத்தரி அழுத்தியதில் நசுங்கியும் இருந்தது. 4 டாலருக்குக் குழாய் வெட்டும் கருவி ஒன்றை வாங்கி, நேராக வெட்டிச் செருகினேன். இன்றோடு ஒன்பது நாள், ஒரு பி.எஸ்.ஐ.கூட இறங்கவில்லை. 350 டாலர் கேட்டவரிடம் போய்க் காட்ட வேண்டும் போல இருக்கிறது.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமலே வந்துவிட்டேன். இரண்டு பைகளையும் ஒரே வால்வில் இணைக்காதீர்கள். வளைவில் திரும்பும்போது பாரம் விழும் பக்கத்துக் காற்று மறுபக்கப் பைக்கு ஓடி, சாய்வு அதிகமாகும். நான் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு தனித்தனி வால்வுகளாக வைத்திருக்கிறேன். குழாயைச் சைலன்சருக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மூன்றாவது சீட்டு. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடை, ஒவ்வொரு அச்சையும் தனியாகக் காட்டும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு நிறுத்தினால் என் முன் அச்சு 3,300. டிரெய்லரை மாட்டியதும், பின் அச்சுக்கு அப்பால் விழும் பாரம் நெம்புகோலைப் போல முன்புறத்தைத் தூக்கி, அதிலிருந்து 320 பவுண்டைப் பறித்துக்கொள்கிறது. ஸ்டியரிங் லேசாகி மிதப்பதற்கு அதுதான் காரணம், ஏர் பேக் அதைத் திருப்பித் தராது. கொக்கியில் விழும் பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லருக்கும் பகிர்ந்துவிடும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சின் கம்பிகளை இறுக்கி நிறுத்திய பிறகு முன் அச்சு 3,200, பின் அச்சு 3,600, மீதி 160 பவுண்டு டிரெய்லரின் சக்கரங்களுக்குப் போய்விட்டது.

வரிசையும் முக்கியம். முதலில் பைகளைக் குறைந்தபட்சமான 5 பி.எஸ்.ஐ.யில் வைத்து ஹிட்ச்சைச் சரிசெய்துவிட்டு, மிச்சமிருக்கும் அமுங்கலுக்கு மட்டும் காற்று ஏற்ற வேண்டும். நான் முதல் நாள் தலைகீழாகச் செய்ததால் கம்பிகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சரியான வரிசையில் செய்தபோது 35 தேவைப்படவில்லை, 12 போதுமானதாக இருந்தது.

நேற்று இரவு டிரெய்லரை மாட்டியபடியே கராஜ் கதவுக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டேன். காலி டிரக்கோடு முன்பு சாக்பீஸால் கிழித்திருந்த கோட்டுக்கு ஒரு விரல் மேலே வெளிச்சம் நின்றது.