சுண்டுவிரலை மடக்கியவன்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, பாரிசின் இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம். ஏழு நிமிடம்தான் தந்திருக்கிறார்கள். வணக்கம் இத்தோடு போதும்.

ஜிப்ஸி ஜாஸ் என்பது, ஜிப்ஸி மக்களில் பிறந்த கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இந்தப் பாரிசில் வளர்த்த இசை. அதைப் பற்றிய ஆவணப்படங்கள் அதன் ரசிகர்களை உள்ளபடி காட்டுகின்றனவா, வேடிக்கைப் பொருளாகக் காட்டுகின்றனவா? வேடிக்கைப் பொருளாகத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஐந்து குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி அந்தத் தாளை மடிக்க வைத்துவிட்டார்.

என்ன சொன்னார்? "ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்குத் தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிவிட்டது, மிச்ச இரண்டு விரலால் வாசித்தார். அவருக்கு வேறு வழியில்லை. இந்த ரசிகர்களுக்கு என்ன வந்தது? நல்ல விரல்களை மடக்கிக்கொண்டு, அவரைப் போல மீசையும் வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். மாறுவேடப் போட்டிக்கு வந்தவனைக் கேமரா வேறு எப்படிக் காட்டும்?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

தம்பி, நீங்கள் சொன்ன அந்த விரல் மடக்கியவனை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பாரிசின் கார் து லியோன் நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஃபோந்தேன்புளோ. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செய்ன் நதிக்கரையில் சமுவா என்ற சிற்றூர். ஜாங்கோ கடைசியாக வாழ்ந்தது அங்கேதான். 1953 மே 16இல் 43 வயதில் இறந்தார். அவர் பெயரால் அந்த ஊரின் ஆற்றுத் தீவில் வருடா வருடம் விழா நடக்கும். 2016இல் நதியில் வெள்ளம் வந்த பிறகு விழா ஃபோந்தேன்புளோ அரண்மனைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. நான் சொல்வது அதற்கு முந்தைய கதை.

மேடைக் கச்சேரி முடிந்தபின் அக்கரையில் கூடாரங்கள் போட்டிருந்த இடத்துக்கு நடந்தேன். இரவு ஒரு மணி இருக்கும். கேரவன் வண்டிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு கிட்டார், ஒரு பெரிய பேஸ். ட்ரம்ஸ் கிடையாது. இந்த இசைக்கு ட்ரம்ஸ் தேவையில்லை, கிட்டார்களே தாளம் பிடிக்கும். முதல் தட்டு கொஞ்சம் நீளம், அடுத்த தட்டு வெட்டினாற்போல. அதற்கு 'லா பொம்ப்' என்று பெயர். பம்பு அடிக்கிற மாதிரியேதான் இருக்கும்.

அங்கே ஒருவன். முப்பது வயது இருக்கும், ஹாலந்துக்காரன், ஏதோ அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற வேலை. மீசை இல்லை, தொப்பி இல்லை, பழைய மழைக்கோட்டு. அவன் முறை வந்தது. இடது கையின் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கினான். மிச்ச இரண்டு விரலால் வாசித்தான். நடுவில் தடுமாறினான், மறுபடி பிடித்துக்கொண்டான்.

முடிந்ததும் போய்க் கேட்டேன். இன்றைக்குத் தம்பி கேட்ட அதே கேள்வி. "நல்ல விரலை ஏன் மடக்கினாய்?"

அவன் சொன்னான்: "நாலு விரலாலும் வாசித்தேன், சுரம் எல்லாம் வந்தது. ஆனால் அவர் ஏன் அந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்குத் தாவினார் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு விரலால் வாசித்துப் பார்த்த அன்றுதான் விளங்கியது."

கேட்டீர்களா? இன்னொரு தரம் சொல்கிறேன், ஏனென்றால் என் அணியின் வழக்கே இதற்குள்தான் இருக்கிறது. நாலு விரல் இருப்பவன் கையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குப் போவான். இரண்டு விரல் இருப்பவன் என்ன செய்வான்? கையையே கிட்டாரின் கழுத்து நெடுகிலும் ஓட்டவேண்டும். அந்த ஓட்டம்தான் ஜாங்கோவின் பாணி. முடங்கிய விரல்களையும் அவர் சும்மா விடவில்லை. சில கார்டுகளுக்கு, அதாவது பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளுக்கு, அவற்றை மேல் கம்பிகளில் ஊன்றிக்கொள்வார். இதையெல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளை எங்கே படித்தான்? 1938இல் எடுத்த 'ஜாஸ் ஹாட்' என்ற சின்னப் படத்தில். அதில் அவர் கை தெரியும் இடங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தானாம். பிறகு தன் விரலை மடக்கிப் பார்த்தான். படிக்கிறவன் தம்பி அவன். அவனைப் போய் மாறுவேடம் என்கிறீர்களே!

அதே இரவு கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் வட்டத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வட்டத்தில் மெல்லிய மீசையும் தொப்பியுமாக ஒருவர் இருந்தார். விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினார்கள். அரைமணி நேரம் அவரைத்தான் எடுத்தார்கள். விளங்கிக்கொண்டவன் இங்கே இருட்டில் இருந்தான்.

எல்லாப் படமும் மோசம் என்று சொல்ல வரவில்லை. இயக்குநர் டோனி கட்லிஃபின் 'லாட்சோ ட்ரோம்' 1993இல் வந்தது. ராஜஸ்தானில் தொடங்கி ஸ்பெயின் வரை, ஜிப்ஸி கலைஞர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது அந்தப் படம். அந்தப் பொறுமை ரசிகனுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ரசிகன் இல்லாமல் இந்த இசையின் வரலாறு உண்டா? 1934இல் பாரிசின் கிளாரிட்ஜ் ஓட்டலில் ஸ்தெஃபான் கிராப்பெல்லியின் வயலின் கம்பி அறுந்தது, மேடைக்குப் பின்னால் மாற்றி வாசித்துப் பார்த்தபோது ஜாங்கோ கூடச் சேர்ந்தார் என்ற கதையை நான் பார்த்த படங்கள் ஆசையோடு சொல்கின்றன. அவர்களை இசைக்குழுவாக்கி அரங்கில் ஏற்றியது யார்? ஹாட் கிளப் என்று 1932இல் சங்கம் தொடங்கிய மாணவர்களும் இசைத்தட்டுப் பைத்தியங்களும். ரசிகர்கள்!

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, இரண்டு நிமிடம் கொடுங்கள், விரல் கதை இன்னும் முடியவில்லை.

'ஜிப்ஸி' என்பது வெளியார் வைத்த பெயர். ஜாங்கோவின் மக்கள் தங்களை மனூஷ் என்பார்கள். அவர்கள் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். நம் வாயில் வருகிற மனுஷன் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். அந்த மனுஷர்களை இந்த நாடு என்ன செய்தது? 1912இல் ஒரு சட்டம் போட்டது. நாடோடி என்று எழுதப்பட்ட ஒவ்வொருவரும், 13 வயது தாண்டிய பிள்ளைகள் உட்பட, ஒரு அடையாளக் கையேடு வைத்திருக்கவேண்டும். ஊருக்குள் வந்தால் முத்திரை, ஊரைவிட்டுப் போனால் முத்திரை. அதில் படமும் விரல் ரேகையும் இருக்கும். உடம்பின் அளவுகள் இருக்கும். காது எத்தனை நீளம், பாதம் எத்தனை நீளம். இடது கையின் சுண்டுவிரல் எத்தனை நீளம் என்றும் அளந்து எழுதினார்கள். 1969 வரை அந்தச் சட்டம் இருந்தது.

இந்த மண்டபத்தில் விரல் ரேகை கொடுக்காமல் இந்த நாட்டுக்குள் வந்தவர் எத்தனை பேர்? மை துடைத்த அந்தக் காகிதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த இரவு வட்டத்தில் ஒரு மனூஷ் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர். அப்படியானால் பிள்ளை வயதிலேயே அந்தக் கையேட்டைச் சுமந்திருக்கவேண்டிய தலைமுறை. ஹாலந்துக்காரன் வாசித்து முடிக்கும் வரைக்கும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவனுடைய இடது கையைத் தன் இரண்டு கையிலும் வாங்கினார். மடங்கியிருந்த மோதிர விரலை நிமிர்த்தினார். சுண்டுவிரலையும் நிமிர்த்தினார். "உனக்குத்தான் நாலும் இருக்கிறதே பிள்ளை, வாசி" என்றார்.

தன் நாற்காலியை நகர்த்தி அவனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பெரியவரே தாளம் பிடித்தார். விடியும் வரைக்கும் வாசித்தார்கள். கேமராக்காரர்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.