நான்கு நீச்சல், மூன்று சுவர்: பெண்கள் 200 மீட்டர் மெட்லே

[திரையில்: 50 மீட்டர் குளம், எட்டுத் தடங்கள், மேலிருந்து]

வணக்கம். 2024 ஆகஸ்ட் 3, பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் 200 மீட்டர் தனிநபர் மெட்லே இறுதிப் போட்டி. மெட்லே என்றால் நான்கு விதமான நீச்சலையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்துவது. எட்டுப் பேரில் மூவரை முதலில் கவனியுங்கள்.

கனடாவின் சம்மர் மெக்கின்டாஷுக்கு வயது 17. இரண்டு நாள் முன்னால்தான் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் தங்கம் வாங்கியிருந்தார். அதே நாளில் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தங்கம் வாங்கியவர் அமெரிக்காவின் கேட் டக்ளஸ். ஆஸ்திரேலியாவின் கெய்லி மெக்கியோனோ பேக் ஸ்ட்ரோக்கில் 100, 200 இரண்டிலும் தங்கம் வென்றுவிட்டு வந்தவர். மூன்று விதமான நீச்சலின் சாம்பியன்கள் ஒரே பந்தயத்தில்! குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு நீளம்; ஒவ்வொருவருக்கும் தன் கை ஓங்கும் நீளம் ஒன்று உண்டு. அடுத்த நீளத்திலேயே இன்னொருவரின் கை ஓங்கிவிடும். எனக்கு மெட்லே பிடித்துப்போனதே இதனால்தான்.

[திரையில்: நான்கு நீளங்களும் நான்கு நிறங்களில்]

வரிசை மாறாது. இரு கைகளையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃபிளை, மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக், தவளைபோல் நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், கடைசியில் ஃப்ரீஸ்டைல். 200 மீட்டரில் ஒவ்வொன்றும் ஒரு நீளம். நான்கு பேர் சேர்ந்து நீந்தும் மெட்லே ரிலேயில் மட்டும் பேக் ஸ்ட்ரோக் முதலில் வரும். அதைத் தண்ணீருக்குள் இருந்தபடிதான் தொடங்க முடியும். நடுவில் வைத்தால், வந்து சேர்பவரும் கிளம்புபவரும் ஒரே சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

கடைசி நீளமான ஃப்ரீஸ்டைலில் முந்தைய மூன்றில் எதையும் திரும்ப நீந்தக் கூடாது. தனி ஃப்ரீஸ்டைல் போட்டியில் இந்தத் தடை கிடையாது.

சரி, இப்போது சுவருக்கு வருவோம். 200 மீட்டரில் திரும்புமிடம் மூன்று. மூன்றிலும் நீச்சல் மாறுகிறது. பட்டர்ஃபிளை முடியும்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கும் அதே விதி. இந்த இரண்டிலும் பெரிய சிக்கல் இல்லை. நடுவில் இருக்கும் இரண்டாவது சுவர்தான் ஆபத்தானது.

[திரையில்: பேக் ஸ்ட்ரோக்கின் கடைசி ஐந்து மீட்டர், பக்கவாட்டில், மெதுவாக]

மல்லாந்து வருபவருக்குச் சுவர் தெரியாது. தெரிவது தலைக்கு மேலே, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் கட்டிய கொடிகள் மட்டும். கொடியைக் கண்டதும் கைவீச்சை எண்ணத் தொடங்குவார். தனி பேக் ஸ்ட்ரோக் போட்டி என்றால், சுவர் நெருங்கும்போது குப்புறப் புரண்டு, குட்டிக்கரணம் போட்டுத் திரும்பலாம். மெட்லேயில் அது நடக்காது. அங்கே பேக் ஸ்ட்ரோக் முடிகிறது. முடியும் கணத்தில் மல்லாந்துதான் இருக்க வேண்டும்.

ஆனால் முழுக்க மல்லாந்து தொட்டு, காலை மடக்கித் திரும்பினால் நேரம் போகும். அதனால் பலர் ஒருக்களித்தபடி, கையைக் குறுக்கே நீட்டித் தொடுகிறார்கள். கை படும்போதே உடம்பு பாதி திரும்பியிருக்கும்; அப்படியே சுருண்டு உதைத்துக் கிளம்பிவிடலாம். தோள்கள் செங்குத்துவரை சாயலாம். தொடுவதற்கு முன் அதைத் தாண்டி மார்புப் பக்கம் போனால் தகுதி நீக்கம்.

அன்று இறுதிப் போட்டியில் மூன்றாவதாகத் தொட்டவர் அமெரிக்காவின் அலெக்ஸ் வால்ஷ். முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வெள்ளி வென்றவர். பாரிஸில் அவர் நேரம் 2 நிமிடம் 07.06 நொடி. ஆனால் பேக் ஸ்ட்ரோக்கை மல்லாந்து முடிக்கவில்லை என்று நடுவர்கள் அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். வெண்கலம் மெக்கியோனுக்குப் போனது. அவருடைய நேரம் 2:08.08, வால்ஷைவிட ஒரு நொடிக்கும் மேல் பின்னால்.

கொடுமைதான். இருந்தாலும் விதி சரி என்றே சொல்வேன். சுவரருகே குப்புறப் புரள விட்டால், கடைசிவரை மல்லாந்தே வந்து தொட்டவருக்கு அது அநியாயம்.

[திரையில்: முதல் மூன்று இடங்களின் நேரங்கள்]

தங்கம் மெக்கின்டாஷுக்கு, 2:06.56. 2016 ரியோவில் ஹங்கேரியின் கட்டிங்கா ஹோசு வைத்த ஒலிம்பிக் சாதனை 2:06.58. நொடியில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் அது போனது. டக்ளஸ் 2:06.92, வெள்ளி. ஆக, பட்டர்ஃபிளை, பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பேக் ஸ்ட்ரோக் சாம்பியன்கள் மூவருமே பதக்க மேடையில்.

அப்புறம், 400 மீட்டர் மெட்லே. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதலில் வந்தது அதுதான், 1964 டோக்கியோவில். 200 மீட்டர் 1968-இல் சேர்ந்தது. 400-இல் ஒவ்வொரு நீச்சலும் இரண்டு நீளம். திரும்புமிடம் ஏழு, நீச்சல் மாறுவது மூன்றில் மட்டும். சுவரில் மிச்சம் பிடிக்கும் நேரத்தைவிட அங்கே தம் பேசும். ஒரு நீச்சலில் பலவீனம் இருந்தால் நூறு மீட்டர் முழுக்க அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மெக்கின்டாஷுக்கு அப்படி ஒன்று இல்லை. பாரிஸில் 200-ஐ 0.36 நொடியில் வென்ற அவர், அதற்கு ஐந்து நாள் முன்பு 400-ஐ வென்றது 5.69 நொடி வித்தியாசத்தில்.