உறையின் மேல் எழுதிய தேதி

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த மழையிலும் மேலே ஏறி வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் வணக்கம்.

என் அம்மாயியிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு கட்டுக் கடிதம். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், தோட்டத் தமிழர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அப்படிப் போன ஒரு பெண் கோத்தகிரியிலிருந்து போட்டவை. இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது. காம்பராவின், அதாவது எங்கள் லயத்து ஒற்றை அறையின், வாசலில் உட்கார்ந்து நான்தான் வாசித்துக் காட்டுவேன். "என் நிரையில இப்ப யாரு நிக்கிறா?" என்று ஒரு வரி வந்தது. அதை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அம்மாயி செத்த அன்றைக்குப் பாய், தலையணையோடு அந்தக் கடிதக் கட்டையும் போட்டுக் கொளுத்திவிட்டார்கள்.

அவர்களுக்குள் என்ன உறவு என்று நான் சொல்ல வரவில்லை. சொல்வதற்கு என் கையில் ஒரு தாள்கூட இல்லை. பெண்ணை நேசித்த பெண்களின் பழைய வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் முதலில் வந்து நிற்கிற இடம் இதுதான். யார் எழுதினார்கள் என்பதற்கு முன்னால், யார் எரிக்காமல் வைத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்தில், ஷிப்டன் ஹால் என்ற வீட்டில் வாழ்ந்தவர் ஆன் லிஸ்டர். 1791இல் பிறந்து 1840இல் இறந்தார். அவருடைய நாட்குறிப்பு சுமார் ஐம்பது லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் கலந்து அவரே உண்டாக்கிய ரகசிய எழுத்து. பெண்களை நேசித்ததை அதில்தான் எழுதினார். பின்னாளில் அந்த வீட்டில் இருந்த ஜான் லிஸ்டரும் அவருடைய நண்பரும் சேர்ந்து அந்த எழுத்தை உடைத்து வாசித்தார்கள். வாசித்ததும் நண்பர் சொன்னது, "எரித்துவிடு." ஜான் லிஸ்டர் எரிக்கவில்லை. சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். 1988இல் ஹெலெனா விட்பிரெட் அதிலிருந்து ஒரு பகுதியை நூலாக்கினார்.

சரி, ஆன் லிஸ்டர் நிலமும் வாடகையும் உள்ள பெண். தனி அறை, பூட்டு, கட்டுக்கட்டாகத் தாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தெழும்பின இடத்தில் யார் நாட்குறிப்பு எழுதுவது? அதனால் எனக்கு நெருக்கமானவர் ஆடி பிரவுன். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வீட்டு வேலை செய்த கறுப்பினப் பெண். 1859 தொடங்கி 1868 வரை, ஆசிரியையாக இருந்த ரெபேக்கா பிரைமஸுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். எழுத்துப்பிழை நிறைய, முற்றுப்புள்ளி அபூர்வம். வேலை, சம்பளம், முத்தம், பொறாமை எல்லாம் ஒரே மூச்சில் வரும். இரண்டு பேரில் ஒருவர் ஆணாகப் பிறந்திருந்தால் இவர்கள் கல்யாணம் கட்டியிருப்பார்கள் என்று ரெபேக்காவின் அம்மா சொன்னதையும் ஆடி எழுதி வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ரெபேக்கா அவருக்கு எழுதிய பதில்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு குரலை மட்டும் கேட்டு மற்றதை ஊகிக்க வேண்டும்.

பிறகு ஆடி ஒருவரைக் கல்யாணம் செய்தார். 1870 ஜனவரியில் இறந்தார். அந்தத் தேதியை ரெபேக்கா ஒரு கடித உறையின் மேல் குறித்து வைத்தார். 1932இல் தான் சாகும்வரை, அறுபது வருஷத்துக்கு மேல், அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். எத்தனை தடவை வாசித்தாலும் நான் நின்றுவிடுகிற இடம் அந்த உறைதான்.

"அந்தக் காலத்தில் தோழிகள் அப்படித்தான் உருகி எழுதுவார்கள்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், எழுதினார்கள். ஆனால் ஆணும் பெண்ணும் எழுதிய காதல் கடிதத்திடம் யாரும் அத்தாட்சி கேட்பதில்லையே! அதே நேரத்தில், இன்றைய பெயரை அவசரமாக ஒட்டவும் எனக்கு மனசில்லை. யாருக்காகக் காசு சேர்த்தாள், யாருடன் படுக்கையைப் பகிர்ந்தாள், யாரைப் பிரிந்து சாப்பிடாமல் கிடந்தாள் என்று பாருங்கள்.

நம்முடைய கடிதங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோத்தகிரியிலும் யாரோ ஒரு பையன்தான் சொல்லச் சொல்ல எழுதினான், கையெழுத்து மாறிக்கொண்டே இருக்கும். இங்கே வாசித்தது நான், பத்து வயதுப் பிள்ளை. இரண்டு பிள்ளைகளின் வாய் வழியாக எவ்வளவு சொல்ல முடியும்? சொல்ல முடிந்தது, நிரையில் யார் நிற்கிறாள் என்ற கேள்வி. இந்த மாதிரிக் கடிதத்தை, வெளிப்படையாகச் சொல்லாததையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

இப்படிக் கடிதங்கள் மிஞ்சாமல் போனதற்குப் பயமும் காரணம். ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கிய, இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவில் முதலில் ஆண்களைத்தான் சொல்லியிருந்தது. 1995 திருத்தத்தில் "நபர்" என்று மாற்றியதும் பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். அப்படியிருக்கக் கடிதத்தை யார் வைத்திருப்பார்கள்? அதனால் கிடைப்பதில் வருகிற பெயர்களை, உயிரோடு இருக்கிறவர்களின் சம்மதமில்லாமல் வெளியில் சொல்லாதீர்கள்.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால் கடிதக் கட்டை அவிழ்த்து அடுக்கு மாற்றாதீர்கள். உறையை வீசாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும். எங்கே, யாருடைய பெட்டியில் கிடைத்தது என்று தனித்தாளில் எழுதி வையுங்கள். அப்புறம், வாசித்துக் காட்டிய பிள்ளைகள் இப்போது ஐம்பது, அறுபது வயதில் இங்கேயே இருப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது வரி ஞாபகம் இருக்கும். நாளை சாயங்காலம் வரை நான் ஹட்டனில்தான் இருக்கிறேன். வந்து சொல்லுங்கள்.