சதை துடிக்குது, கை மெலியுது: மோட்டார் நியூரான் நோய்க்கு ஸ்கேன் மட்டும் போதுமா?

வணக்கம். இன்னைக்கு ஒரு மகள் கேட்ட கேள்வி. அவங்க அப்பாவுக்கு வலது கைப் பெருவிரலுக்குக் கீழ இருக்கிற சதை ஆறு மாசமா மெலிஞ்சுக்கிட்டே வருது. சட்டை பட்டன் போட முடியல. தோள்ல சதை அப்பப்போ தானா துடிக்குது. டாக்டர் பாத்துட்டு, "மோட்டார் நியூரான் நோயா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு, ஈஎம்ஜி எடுங்க"ன்னு சொல்லியிருக்கார். தசைல ஊசி குத்தி, அதோட மின் அலையைக் கேட்டுப் பாக்கிற டெஸ்ட்டுன்னதும் அப்பா பயந்துட்டார். "தசைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தே கண்டுபிடிக்கலாமாமே, அது போதாதா டாக்டர்?"னு கேக்கறாங்க.

போதாதும்மா. ஆனா அந்த ஸ்கேன் வேண்டாம்னும் நான் சொல்ல மாட்டேன். முடிஞ்சா ரெண்டையும் எடுங்க. ஏன்னு சொல்றேன்.

நாம ஒரு விரலை அசைக்கணும்னா ரெண்டு நரம்பு செல் வேலை செய்யணும். ஒண்ணு மூளையிலேர்ந்து தண்டுவடம் வரைக்கும் வருது. இன்னொண்ணு தண்டுவடத்துல ஆரம்பிச்சு தசைக்குப் போகுது. மோட்டார் நியூரான் நோய்ல, குறிப்பா ஏஎல்எஸ்னு சொல்ற வகைல, இந்த ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகுது. மேல இருக்கிற செல் கெட்டா கை கால் விறைக்கும், முட்டியில தட்டினா கால் அளவுக்கு மீறி உதறும். கீழ இருக்கிற செல் கெட்டா தசை மெலியும், துடிக்கும். தசை ஸ்கேன்ல தெரியறது இந்தக் கீழ்ப் பாதியோட சேதம் மட்டும்தான். மேல் பாதியை டாக்டர் சுத்தியலால தட்டிப் பாத்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார். அதனால எந்த ஸ்கேனும் தனியா நின்னு "இது இந்த நோய்தான்"னு சொல்லிட முடியாது.

சரி, ஸ்கேன்ல என்ன தெரியும்? நல்ல தசை கறுப்பாத் தெரியும், நடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடுகள் ஓடும். நரம்பு கைவிட்ட தசைல நார்கள் சுருங்கி, அந்த இடத்துல கொழுப்பும் தழும்பு மாதிரியான திசுவும் சேரும். அப்போ படம் வெளுத்துப்போகும், தசையோட கனமும் குறையும். 1982-லயே ஹெக்மாட்னு ஒரு டாக்டரும் அவர்கூட இருந்தவங்களும் இந்த வெளுப்பை நாலு படியாப் பிரிச்சுக் காட்டினாங்க. நாலாவது படியில, அடியில இருக்கிற எலும்போட கோடுகூடத் தெரியாது. ஆனா வயசானாலும் தசை வெளுக்கும், மெஷின்ல பிரகாசத்தைக் கூட்டி வெச்சாலும் வெளுக்கும். அதனால வெளுப்பை மட்டும் வெச்சு நான் முடிவு சொல்ல மாட்டேன்.

நான் தேடறது துடிப்பை. இதை ஃபாசிகுலேஷன்னு சொல்வோம். ஒரு நரம்பு செல் தன் பிடியில இருக்கிற தசை நார்களை, யாரும் கேக்காமலே ஒரு தடவை சுண்டி விடுது. ஸ்கேன்ல பாத்தா தசையோட ஒரு மூலை மட்டும் சட்டுனு இழுத்து விடும். அரை விநாடிகூட இருக்காது. பக்கத்துல ரத்தக்குழாய் துடிச்சா அது தாளம் தப்பாம வரும், இது எப்போ வரும்னு சொல்லவே முடியாது. அதனால ப்ரோபை, அதாவது தோல் மேல வைக்கிற ஸ்கேன் கருவியை, ஒரே இடத்துல அசையாம வெச்சு, ஒவ்வொரு தசையையும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் பொறுமையா உத்துப் பாக்கணும். அவசரப்பட்டா தப்பிப்போயிடும்.

இந்த இடத்துல ஊசியைவிட ஸ்கேன் கெட்டி. ஊசி தன் நுனியைச் சுத்தி இருக்கிற சின்ன இடத்தைத்தான் கேக்கும். ப்ரோப் தசையோட அகலத்தையும் ஆழத்தையும் சேத்துப் பாக்கும். தோலுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் உள்ள தெரியும். நாக்கை எடுத்துக்கோங்க. நாக்கைத் தளர்த்தி வைக்கறது யாருக்குமே கஷ்டம், அதுல ஊசி வெச்சுக் கேக்கறது இன்னும் கஷ்டம். ஸ்கேன்னா தாடைக்கு அடியில ஜெல் தடவி, வெளியிலேர்ந்தே பாத்துடலாம்.

அப்போ ஊசி எதுக்குன்னு கேப்பீங்க. துடிப்பு ஒண்ணை மட்டும் வெச்சு நோய்னு சொல்ல முடியாதுங்கிறதுக்குத்தான். ஏஎல்எஸ்ஸைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் வகுத்த விதிமுறைகள் இருக்கு. அதுல 2008-ல வெளியான அவாஜி விதிமுறைகள் இந்தத் துடிப்புக்கு ஒரு மதிப்பு குடுத்துச்சு. 2020-ல வந்த கோல்ட் கோஸ்ட் விதிமுறைகளும் அதை ஏத்துக்கிச்சு. ஆனா ஈஎம்ஜியை வெச்சு சொல்லும்போது, துடிக்கிற அதே தசைல நரம்பு நாள்பட்டு சேதமாகி, மறுபடி ஒட்டுப்போட்ட அடையாளமும் இருக்கணும். அந்த அடையாளம் ஊசி காட்டற மின் அலைல இருக்கு. ஸ்கேன் படத்துல அது வராது.

இன்னொரு விஷயம். இமை துடிக்குது, கெண்டைக்கால் துடிக்குதுன்னு ராத்திரி தூங்காம இந்த நோயைப் பத்தியே தேடிக்கிட்டிருக்கிறவங்களும் இதைக் கேப்பீங்க. உங்ககிட்டயும் சொல்றேன். ஆரோக்கியமா இருக்கிற நிறையப் பேருக்குக் கெண்டைக்கால்ல துடிப்பு இருக்கும். காபி, தூக்கமின்மை, கடுமையான உடற்பயிற்சி, எல்லாமே அதைக் கூட்டும். பலம் குறையல, சதை மெலியல, டாக்டர் பரிசோதிச்சும் எதுவும் தெரியலன்னா அது பெரும்பாலும் பயப்பட வேண்டிய துடிப்பு இல்ல. மோட்டார் நியூரான் நோய்ல துடிப்பு பரவி நிக்கும். கை, தொடை, முதுகு, நாக்குன்னு பல இடத்துல, பலம் குறைஞ்ச தசையோட சேந்து இருக்கும். அந்தப் பரவலை வலியில்லாம கணக்கெடுக்க ஸ்கேன் ரொம்ப உதவும். ஆனா ஒரேயடியா வத்திப்போன தசைல துடிப்பு நின்னுகூடப் போகலாம். துடிக்கலைங்கிறதால நோய் இல்லைன்னும் சொல்லிட முடியாது.

இப்போ உங்க அப்பாவுக்கு வரேன்மா. அவருக்கு நான் ஸ்கேன் கேக்கறதுக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கு. அதே ப்ரோபை வெச்சு கை நரம்பை மணிக்கட்டுலேர்ந்து கழுத்து வரைக்கும் பாக்கலாம். மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதின்னு ஒரு நோய் இருக்கு. அதுவும் இப்படித்தான் ஒரு கையில பலம் குறைஞ்சு, மரத்துப்போகாம, துடிப்போட வரும். அதுல நரம்பு அங்கங்க தடிச்சிருக்கும். மோட்டார் நியூரான் நோய்ல நரம்பு சாதாரணமாவோ கொஞ்சம் மெலிஞ்சோதான் இருக்கும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா, அந்த மல்டிஃபோகல் வகைக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தை ரத்தத்துல ஏத்தினா நிறையப் பேருக்குப் பலம் திரும்புது. அது ஒருத்தருக்குக்கூடத் தவறிப்போகக் கூடாது. நரம்புல மின்சாரம் எப்படிப் போகுதுன்னு பாக்கிற டெஸ்ட்டும், கழுத்துக்கு எம்ஆர்ஐயும் இதே காரணத்துக்காகத்தான் சொல்வாங்க. எம்ஆர்ஐ எடுத்தா, கழுத்து எலும்பு தேய்ஞ்சு நரம்பை அழுத்துதான்னு தெரிஞ்சிடும்.

அப்பாகிட்ட சொல்லுங்க, ஈஎம்ஜி ஊசி மெல்லிசு, அது வழியா மருந்தும் ஏத்த மாட்டாங்க, மின்சாரமும் விட மாட்டாங்க. கொஞ்சம் வலிக்கும், பொய் சொல்லக் கூடாது. ஸ்கேனை முதல்ல எடுத்தா, எந்தத் தசைல துடிப்பு இருக்குன்னு தெரிஞ்சு அங்க பாத்து ஊசி வைக்கலாம், குத்துற எண்ணிக்கையும் குறையலாம். இதை உங்க டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார்னா ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா நிறுத்த வேண்டாம். தோள் துடிக்கும்போது போன்ல ஒரு வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க. முதல்ல பட்டன் போட முடியாமப் போனது எந்த மாசம்னு ஞாபகப்படுத்தி எழுதிட்டுப் போங்க, டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பார்.