திறந்திருந்த கண்

நடுவர் ஐயாவுக்கும், பாறசாலைச் சபையாருக்கும், பின்னால் அசனத்துச் சோற்றுக்குக் காத்திருப்பவர்களுக்கும் வணக்கம். சோறு வடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

94 வயது வாழ்ந்த எங்கள் பாட்டியை ஊர் நினைப்பது டீச்சராகவா, ஊழியக்காரியாகவா? நான் டீச்சர் கட்சி. எதிரணியில் என் சித்தப்பா மகன். சற்று முன் அவன் என்ன சொன்னான்? "டீச்சருக்கு நாலு மணிக்கு மணி அடிக்கும், முதல் தேதி சம்பளம் வரும். ஊழியத்துக்கு மணியும் இல்லை, சம்பளமும் இல்லை." நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். முதல் வரிசையில் என் அம்மாவும் தட்டினார். அதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

தம்பி, நாலு மணியோடு பாட்டி டீச்சர் வேலையை விட்டாரா? வீட்டு ஜெபத்துக்கு நம்மையும் கூட்டிப்போவாரே, ஞாபகம் இருக்கிறதா? நமக்கு ஜெபமா முக்கியம்? அப்புறம் வரும் மரச்சீனியும் மீன்கறியும்தான். ஒரு வீட்டில் தட்டு முன்னாலேயே வந்துவிட்டது. ஆவி பறக்கிறது. எல்லாரும் கண்ணை மூடியாச்சு. பாட்டி சொல்லச் சொல்லச் சபை பின்னால் சொல்கிறது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்..." அந்த இடத்தில் ஒரு சின்னக் கை தட்டுப் பக்கம் நீண்டது. பாட்டி ராகம் மாறாமல், "லேய், ஆமென் இன்னும் சொல்லல்ல, கையை எடு" என்றார். சபையும் அதே ராகத்தில், "கையை எடு" என்றது!

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்கிறேன். ஆகாரத்தைத் தாரும், கை நீண்டது, "லேய், கையை எடு", சபை மொத்தமும் "கையை எடு"! அந்தக் கை யாருடையது? எதிரணியில் இப்போது தண்ணீர் குடிக்கிறாரே, அவருடையது.

நடுவர் ஐயா, கண்ணை மூடியிருந்தவருக்குக் கை எப்படித் தெரிந்தது? மூடியிருந்த ஒரு கண் ஊழியக்காரியுடையது, ஒப்புக்கொள்கிறேன். திறந்திருந்த கண் யாருடையது? அந்தக் கண்ணுக்கு நீங்களும் மூன்றாம் வகுப்பில் பயந்தவர்தானே!

சரி, ஊழியத்துக்கே வருகிறேன். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். இந்த மண்ணுக்கு ஊழியமே சிலேட்டோடுதான் வந்தது. அம்பூரி மலைக்குக் காணிக்காரப் பழங்குடிகளின் வீடுகளைத் தேடிப் போன பாட்டியின் பையிலும் வேதாகமத்தோடு ஒரு கட்டு சிலேட்டுக்குச்சி இருக்கும். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நம் பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டிக்கு வீடு இந்தப் பக்கம், பள்ளி எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். "வழி பழசுதான் மக்கா, கோடுதான் புதுசு" என்று தினமும் நடந்தார்.

இனி எனக்கு வாதம் இல்லை. கடைசி மூன்று மாதம் எங்கள் யார் பெயரும் அவருக்கு நினைவில்லை. சாயங்காலம் ஆனால் படுத்தபடியே ஆஜர் எடுப்பார். எல்லாம் பழைய வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள். பதில் வராவிட்டால் அந்தப் பெயரிலேயே நின்றுவிடுவார், கஞ்சி இறங்காது. அதனால் வீட்டில் முறை வைத்து "உள்ளேன் டீச்சர்" சொன்னோம். இதோ இந்த ஊழியக் கட்சிக்காரன், கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, பதினேழு பிள்ளைகளுக்குக் குரலை மாற்றி மாற்றிச் சொல்வான்.

ஒரு பெயருக்கு மட்டும் பதில் சொல்ல விடமாட்டார். தானே கூப்பிட்டு, தானே "வரல்ல, காய்ச்சல்" என்பார். பெரியம்மாதான் விவரம் சொன்னார். அந்த வருஷத்து மழையில் காய்ச்சல் கண்ட பிள்ளை, திரும்பப் பள்ளிக்கு வரவேயில்லை.

கடைசிச் சாயங்காலம் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். காய்ச்சல் என்று சொல்லவில்லை, காத்திருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இவன்தான் கட்டில் பக்கம் குனிந்து, "உள்ளேன் டீச்சர்" என்றான்.

"வந்தியா? இரி மக்கா" என்றார். அன்றைக்குக் கஞ்சி முழுவதும் குடித்தார்.